மத்திய அலையை மூடிப் பண்பலைக்குப் போகும்போது வானொலி எதை இழக்கிறது?

ஆகாசவாணி தன் மத்திய அலை ஒலிபரப்பிகளை நாடு முழுவதும் படிப்படியாக நிறுத்தி வருகிறது. சிற்றலை ஒலிபரப்பு ஏறக்குறைய முடிந்தே போய்விட்டது. நிகழ்ச்சிகள் பண்பலைக்கும் கைபேசிச் செயலிக்கும் இடம் மாறுகின்றன. இப்படி ஒரு நிலையம் மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு குரல்கள் எழுகின்றன. ஒலித்தரம் உயர்வதற்கு எதற்காக வருத்தப்பட வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். தாங்கள் கேட்டு வளர்ந்த வானொலியே போய்விட்டது என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இடையில் நிற்கும் வாசகருக்குக் குழப்பம்: அதே நிலையம், அதே நிகழ்ச்சி, இன்னும் தெளிவான ஒலி, பிறகு என்ன இழப்பு?

இரண்டாவது குரலைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குள் அளந்து சொல்லக்கூடிய ஓர் இழப்பு இருக்கிறது. அது தூரம். ஒரு நிலையத்தின் குரல் எவ்வளவு தொலைவுக்கு, எத்தனை ஊர்களுக்கு, எந்தெந்த மனிதர்களுக்கு எட்டியது என்பதுதான் மாறுகிறது. அது ஏன் மாறுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

இரண்டு அலைகள், இரண்டு முறைகள்

மத்திய அலை, பண்பலை என்ற பிரிவில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால்தான் மற்றவை விளங்கும்.

1. அதிர்வெண். மத்திய அலை என்பது சுமார் 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. பண்பலை வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகிறது. ஏறக்குறைய நூறு மடங்கு உயர்ந்த அதிர்வெண். அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 416 மீட்டர். சென்னை ரெயின்போ பண்பலையின் 101.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டருக்கும் குறைவு.

2. ஒலியை அலையில் ஏற்றும் முறை. மத்திய அலையில் பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்ப அலையின் உயரம், அதாவது வீச்சு, கூடிக் குறைகிறது. இதை ஏ.எம். என்கிறோம். பண்பலையில் உயரம் அப்படியே இருக்க, அதிர்வெண் சற்று முன்னும் பின்னும் நகர்கிறது. இது எஃப்.எம்.

ஒலியின் தெளிவைப் பெரும்பாலும் இரண்டாவது விஷயம் தீர்மானிக்கிறது. எட்டும் தூரத்தை முதல் விஷயம் தீர்மானிக்கிறது.

மின்னல், மோட்டார், டியூப்லைட்டின் சோக் இவையெல்லாம் உண்டாக்கும் மின்குறுக்கீடு அலையின் வீச்சைத்தான் கலைக்கும். ஏ.எம். முறையில் செய்தியே வீச்சில் இருப்பதால், குறுக்கீடும் பாட்டோடு சேர்ந்து ஒலிபெருக்கிக்கு வந்துவிடும். எஃப்.எம். பெட்டி வீச்சில் வரும் ஏற்ற இறக்கங்களை வெட்டிச் சமன்செய்துவிட்டு, அதிர்வெண்ணின் நகர்வை மட்டுமே படிக்கிறது. மழைக்காலத்து இடி மின்னலில் மத்திய அலை படபடக்க, பண்பலை அசராமல் பாடுவது இதனால்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்து சேர்ந்தால், எஃப்.எம். பெட்டி வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் அமுக்கிவிடும். ஏ.எம். பெட்டியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். இரவில் நம் ஊர் நிலையத்துக்கு அடியில் புரியாத மொழியில் யாரோ பேசிக்கொண்டிருப்பது கேட்குமே, அது இதுதான்.

ஒன்பதால் வகுபடும் எண்கள்

தமிழ்நாட்டு நேயர்கள் மனப்பாடமாக வைத்திருந்த மத்திய அலை எண்களை (கிலோஹெர்ட்ஸில்) வரிசையாக எழுதிப் பாருங்கள். சென்னை 720, 783, 1017. திருச்சி 936. கோவை 999. தூத்துக்குடி 1053. திருநெல்வேலி 1197. மதுரை 1269. எல்லாமே ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 1975-இல் ஜெனீவாவில் உருவாகி 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை, ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா முழுவதற்கும் மத்திய அலை நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கியது. ஒரு நாட்டின் அலை இன்னொரு நாட்டுக்குள் போகும் என்பது தெரிந்தே, நாடுகள் கூடிப் பங்கு பிரித்துக்கொண்ட ஏற்பாடு அது.

அந்த 9 கிலோஹெர்ட்ஸில்தான் ஒலித்தரத்தின் எல்லையும் இருக்கிறது. ஏ.எம். ஒலிபரப்பு நடு அலைவரிசையின் இரு பக்கமும் விரிவதால், பக்கத்து நிலையத்தை மிதிக்காமல் ஏற்றக்கூடிய ஒலி ஏறக்குறைய 4.5 கிலோஹெர்ட்ஸ் வரைதான். மனிதக் குரலுக்கு இது போதும். வீணையின் மேல்தந்தி மீட்டலுக்கும், ஜாலரா ஒலிக்கும், நாதஸ்வரத்தின் கூர்மைக்கும் போதாது. பண்பலையில் ஒரு நிலையத்துக்கு ஒதுக்கப்படும் இடம் சுமார் 200 கிலோஹெர்ட்ஸ். 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி ஏறும். இடம், வலம் என இரு தடங்களாகவும் அனுப்பலாம். இசை கேட்பவருக்குப் பண்பலை பெரிய வரம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒரு கச்சேரியில் தம்புராவின் ஓசை தனியாகத் தெரிவது அதில்தான்.

நிலத்தோடு போகும் அலை, வானத்தில் திரும்பும் அலை

இனி தூரம். மத்திய அலை இரண்டு வழிகளில் பயணிக்கிறது.

பகலில் அது நிலத்தையொட்டிச் செல்கிறது. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலை என்பதால் பூமியின் வளைவோடு தானும் வளைந்து போகும். சிறு குன்றும் கட்டடமும் அதற்குப் பெரிய தடை இல்லை. 100 அல்லது 200 கிலோவாட் ஆற்றலில் ஒலிபரப்பினால், பகலிலேயே 150 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒரு சாதாரணப் பெட்டியில் பேச்சு புரியும்.

இரவில் இரண்டாவது வழி திறக்கிறது. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு பகலில் இருக்கிறது. வானத்தை நோக்கிச் செல்லும் மத்திய அலையை அது உறிஞ்சிக்கொள்கிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகிறது. அதற்கும் மேலே இருக்கும் அயனி அடுக்குகள் அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் பகலில் கேட்காத நிலையங்கள் இரவில் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து விழுகின்றன.

மாலை ஆறு மணிக்குத் தெளிவாகக் கேட்ட நிலையம், எட்டு மணிக்கு மேல் ஏறி இறங்கத் தொடங்குவதையும் இது விளக்குகிறது. நிலத்தோடு வந்த அலையும் வானத்திலிருந்து திரும்பிய அலையும் ஒரே பெட்டிக்குள் சேர்கின்றன. இரண்டும் ஒத்துப்போகும் நொடியில் ஒலி எழும். எதிராகும் நொடியில் அமுங்கும். வான அடுக்கு அசைந்துகொண்டே இருப்பதால் இந்த ஏற்ற இறக்கம் நிற்பதில்லை. பாட்டின் சரணத்தில் குரல் தேய்ந்து மறைந்து, அடுத்த பல்லவியில் மீண்டு வருவது பெட்டியின் கோளாறாக இருந்ததில்லை.

பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்டதற்கும் காரணம் உண்டு. டிரான்சிஸ்டர் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினால் விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கோல் இருக்கும். மேலே மெல்லிய செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அந்த ஃபெரைட் கோல்தான் மத்திய அலைக்கு ஆன்டெனா. வெளியே நீட்டும் கம்பி சிற்றலைக்கும் பண்பலைக்கும் உரியது. கோலின் முனை நிலையத்தை நோக்கியிருந்தால் ஒலி மிகக் குறைவு; கோலின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கியிருந்தால் மிக அதிகம். எந்த மூலையில் எப்படி வைத்தால் திருச்சி வரும், எப்படி வைத்தால் கொழும்பு வரும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

கடல் கடந்து வந்த வானொலி

தமிழ்நாட்டில் மத்திய அலையை நினைத்து ஏங்குவோரில் பெரும்பகுதியினர் உண்மையில் நினைப்பது இலங்கை வானொலியை. எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களை ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உள்ளூர்க் குரல்களாகவே மக்கள் கேட்டார்கள். 1949-இல் ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்று, 1967-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய நிலையம் அது. திரைப்பாடல் ஒலிபரப்பில் ஆகாசவாணி தயங்கி நின்ற காலத்தில் அது தாராளமாகப் பாட்டுப் போட்டது என்பது பலரும் அறிந்த காரணம். அறியாத காரணம் ஒன்று உண்டு: உப்பு நீர்.

நிலத்தையொட்டிச் செல்லும் அலை, தான் கடக்கும் பரப்பு எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு குறைவாகத் தேயும். கடல்நீரின் கடத்துத்திறன் சாதாரண நிலத்தைவிடப் பல நூறு மடங்கு அதிகம். இலங்கையின் மேற்குக் கரையில் இருக்கும் புத்தளத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மன்னார் வளைகுடா. அந்தக் கரையிலிருந்து கிளம்பும் மத்திய அலை, அதே 200 கிலோமீட்டரை வறண்ட நிலத்தின்மீது கடப்பதைவிட மிகக் குறைந்த தேய்மானத்தோடு இந்தக் கரையை அடைந்துவிடும். பட்டப்பகலில் நம் கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலி பக்கத்து ஊர் நிலையம்போல ஒலித்ததற்கு இதுவே அடிப்படை.

எதிர்த்திசையிலும் இதே கணக்குதான். ஆகாசவாணி தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் ஒலிபரப்பியை நிறுவியது இலங்கைத் தமிழ் நேயர்களை மனத்தில் வைத்துத்தான். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் குரல்கள் எதைக் குறித்தன என்று அங்கிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1990களில் இலங்கையின் உள்நாட்டு ஒலிபரப்பு பண்பலைக்கு நகர்ந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் சூரியன், சக்தி என்று தனியார் தமிழ்ப் பண்பலைகளும் வந்தன. (அந்தச் சூரியனும் தமிழ்நாட்டின் சூரியன் எஃப்.எம்.மும் வேறு வேறு நிறுவனங்கள். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர்.) பண்பலை கடல் கடக்காது என்று முற்றிலும் சொல்லிவிடவும் முடியாது. கடலின்மேல் வெப்பக் காற்றடுக்கு படியும் நாட்களில் பண்பலை அலையும் வளைந்து தூரம் போகும். கோடியக்கரையிலும் ராமேசுவரத்திலும் இலங்கைப் பண்பலை கேட்பது புதிதில்லை. ஆனால் அது வானிலையின் தயவு. மதுரைக்கும் விருதுநகருக்கும் தினமும் வந்துகொண்டிருந்த இலங்கை வானொலி அந்தத் தயவில் வராது.

பண்பலையின் எல்லை ஒரு கணக்கு

பண்பலை அலை ஏறக்குறைய ஒளிபோல நேர்க்கோட்டில் செல்கிறது. ஆகவே எத்தனை கிலோவாட் என்பதைவிட, ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரம்: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். பெறும் ஆன்டெனாவின் உயரத்துக்கும் அதே கணக்கைப் போட்டுக் கூட்ட வேண்டும்.

- 100 மீட்டர் கோபுரம்: 41 கிலோமீட்டர். கேட்பவரின் ஆன்டெனா 10 மீட்டர் உயர மாடியில் இருந்தால் இன்னும் 13. மொத்தம் 54 கிலோமீட்டர். அதைத் தாண்டியும் கொஞ்சம் கசியும்.
- அதே கோபுரம், கேட்பவர் கடலில் மீன்பிடிப் படகில், ஆன்டெனா 3 மீட்டர் உயரத்தில்: மொத்தம் 48 கிலோமீட்டர்.
- கொடைக்கானல் மலையுச்சி, கீழே உள்ள சமவெளியைவிட 1900 மீட்டர் உயரம் என்று கொண்டால்: 180 கிலோமீட்டர்.

கொடைப் பண்பலை 100.5 வெறும் 10 கிலோவாட் ஆற்றலில் தேனி, திண்டுக்கல், மதுரை என்று மாவட்டம் மாவட்டமாகக் கேட்பதன் காரணம் மூன்றாவது வரியில் இருக்கிறது. பழைய மத்திய அலையைப் போலப் பரந்த நேயர் கூட்டத்தைத் தமிழ்நாட்டில் ஒரு பண்பலை நிலையம் பெற்றிருக்கிறது என்றால் அது இதுதான். அதற்கு மலை தேவைப்பட்டது. எல்லா ஊருக்கும் மலை கிடையாது.

திருச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் நடுவே சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து 100 கிலோவாட்டில் ஒலிக்கும் 936 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்குப் பகலில் 150 கிலோமீட்டர் ஆரம் என்று வைத்துக்கொண்டால், வட்டத்தின் பரப்பு 70,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அதே ஊரில் 60 கிலோமீட்டர் ஆரமுள்ள பண்பலை என்றால் 11,300 சதுர கிலோமீட்டர். தஞ்சாவூர் உள்ளே வரும். நாகப்பட்டினம், நேர்க்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டர் தொலைவு, வெளியே நிற்கும்.

2023 ஏப்ரலில் ஒரே நாளில் நாட்டில் 91 புதிய ஆகாசவாணிப் பண்பலை ஒலிபரப்பிகள் தொடங்கிவைக்கப்பட்டன. எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் 100 வாட். சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு நன்றாகக் கேட்கும். 12 கிலோமீட்டர் ஆரம் என்றால் சுமார் 450 சதுர கிலோமீட்டர். திருச்சி மத்திய அலையின் பகல் பரப்பை இவற்றால் நிரப்ப 150-க்கு மேல் வேண்டும். "இத்தனை ஒலிபரப்பிகள்" என்று செய்தியில் படிக்கும்போது, எத்தனை வாட், எவ்வளவு உயரம் என்று சேர்த்துப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது.

அப்படியானால் ஏன் மூடுகிறார்கள்?

காரணங்கள் கற்பனையானவை இல்லை. மின்கட்டணமே முதல் காரணம். 200 கிலோவாட் ஒலிபரப்பி நாளுக்கு 16 மணி நேரம் இயங்கினால், அலையாக வெளியே போகும் ஆற்றல் மட்டுமே 3200 யூனிட். கருவிக்குள் வெப்பமாக வீணாவதும் குளிரூட்டலும் அதற்கு மேல். 10 கிலோவாட் பண்பலைக்கு அந்தக் கணக்கு 160 யூனிட். ஏ.எம். முறையிலேயே ஒரு வீண் இருக்கிறது: முழு ஒலியில் இயங்கும்போதுகூட, ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஒலி எதையும் தன்னுள் கொள்ளாத அடிப்படை அலைக்கே (கேரியர்) போய்விடுகிறது.

அடுத்தது நிலம். மத்திய அலையில் கோபுரம் ஆன்டெனாவைத் தாங்குவதில்லை, கோபுரமே ஆன்டெனா. அலைநீளத்தில் கால் பங்கு உயரம் வேண்டும். 720 கிலோஹெர்ட்ஸுக்கு 104 மீட்டர். அதன் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் செம்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் திறந்த வெளி தேவை. ஊருக்கு வெளியே அமைத்த கோபுரங்களை இன்று ஊர் சூழ்ந்துவிட்டது. அந்த நிலத்தின் விலை எவர் கண்ணையும் உறுத்தும்.

மூன்றாவது, பெட்டி. கைபேசிகளில் வரும் வானொலி பண்பலை மட்டுமே. காதில் மாட்டும் கருவியின் வயரே அதற்கு ஆன்டெனா. மத்திய அலைக்கு வேண்டிய ஃபெரைட் கோலுக்குக் கைபேசிக்குள் இடமும் இல்லை. உள்ளே இருக்கும் மின்சுற்றுகளின் இரைச்சலைத் தாங்கி அது வேலை செய்யவும் முடியாது.

விளம்பரமும் சேர்கிறது. ஒரு நகரத்து ஜவுளிக்கடைக்கு அந்த நகரத்து நேயர் போதும். 2001-இல் பெங்களூரில் தொடங்கிய தனியார் பண்பலை, சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நகரம் நகரமாகவே விரிந்தது. பண்பலையின் சிறிய வட்டமும் நகரத்துச் சந்தையும் ஒன்றோடொன்று பொருந்தின. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலையில் சென்னையில்தான் தொடங்கியது. ஆனால் அது வீட்டுக்கு வீடு பேசப்படும் பொருளாக மாற, சந்தை வந்து சேரும்வரை கால் நூற்றாண்டு ஆனது.

தூரம் செய்த வேலை: ரேடியோ நெல்

பரந்த வட்டத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் தஞ்சைத் தரணி ஒரு பதில் வைத்திருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் அங்கே பரவியது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதன் சாகுபடி முறையை விடாமல் சொல்லிக்கொடுத்தது. விதைநேர்த்தி, நாற்றின் வயது, உரமிடும் நாள் என்று வயலில் நிற்பவருக்கு வேண்டியதை வேண்டிய வாரத்தில் சொன்னது. உழவர்கள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் ரேடியோ நெல். வேளாண்மைத் துறை வெளியிட்ட ஒரு ரகத்துக்கு, அதைச் சொல்லிக்கொடுத்த ஊடகத்தின் பெயரை மக்களே சூட்டினார்கள். ஒரு பொது ஒலிபரப்புக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

திருச்சியில் பேசியது கடைமடைப் பகுதிவரை ஒரே நேரத்தில் கேட்டது. அதே அலையில் கச்சேரியும், நாடகமும், பள்ளி ஒலிபரப்பும் போயின. நாட்டுப்புறப் பாடல் கேட்கும் உழவர் வீட்டில் அடுத்த அரைமணி நேரம் சங்கீதம் ஒலித்தது. சங்கீதத்துக்காகப் பெட்டியைத் திறந்த நகரத்து வீட்டில் உரமிடும் முறை ஒலித்தது. நிலையத்தை மாற்றத் தேர்வுகள் அதிகம் இல்லாததும் இதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் இத்தனை வகையான மனிதர்கள் ஒரே குரலைக் கேட்டார்கள் என்பது நடந்த உண்மை. சிறு வட்டங்களில் அது நடப்பதில்லை.

சிறு வட்டத்துக்கும் தனி நன்மை உண்டு. நாகர்கோவில் 101, காரைக்கால் 100.3 போன்ற ஆகாசவாணிப் பண்பலை நிலையங்கள் தங்கள் வட்டாரத்தின் பேச்சையும் பாட்டையும் பெரிய நிலையங்கள் தந்திராத அளவுக்குத் தருகின்றன. வட்டார நிலையம் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. பெரிய வட்டத்தை அகற்றிவிட்டுத்தான் சிறிய வட்டம் வர வேண்டுமா என்பதே கேள்வி.

பழைய ஒலி இனி திரும்பாது

ஏக்கத்தின் ஒரு பகுதிக்கு விடை சொல்லியாக வேண்டும். மத்திய அலையை அப்படியே தொடர்ந்தாலும் 1975-இல் கேட்ட ஒலி இன்று கிடைக்காது. அன்றைய கிராமத்து வீட்டில் இரண்டு குண்டு பல்புகள் இருந்தன. இன்று எல்.இ.டி. விளக்கு, கைபேசிச் சார்ஜர், இன்வெர்ட்டர், தொலைக்காட்சியின் மின்வழங்கி ஒவ்வொன்றும் மத்திய அலைப் பகுதியிலேயே இரைச்சலை உமிழ்கிறது. ஒலிபரப்பி அதே வலுவோடு இருந்தாலும், கேட்கும் இடத்தில் இரைச்சலின் அளவு ஏறிவிட்டது. நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் 720-ஐப் பிடிக்க முடியாதவர் ஆகாசவாணியைக் குறை சொல்வதற்கு முன், அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, சார்ஜர்களைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். வேறுபாடு காதுக்கு உடனே தெரியும்.

செயலியும் டிஜிட்டலும் போதாதா?

ஆகாசவாணியின் செயலியில் இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் திருநெல்வேலி நிலையத்தைக் கேட்கலாம். டொரண்டோவில் இருப்பவருக்கு மத்திய அலை ஒருநாளும் தராத வசதி இது. ஆனால் ஒலிபரப்புக்கும் இணையத்துக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வானொலி அலையை ஒருவர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் ஒலிபரப்பிக்குச் சுமை ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் தனி இணைப்பு, தனி டேட்டா, இடையில் ஒரு செல்பேசிக் கோபுரம்.

அந்தக் கோபுரம் விழும் நாட்களைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே போயின. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது; டெல்டாவின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. அப்படிப்பட்ட நாளில் உள்ளூர்ப் பண்பலைக் கோபுரமும் புயலின் பாதையிலேயே நிற்கிறது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், புயலுக்கு வெளியே நிற்கும் மத்திய அலைக் கோபுரம் தொடர்ந்து பேச முடியும். கேட்பவருக்கு வேண்டியது இரண்டு பேட்டரி போட்ட ஒரு பெட்டி. அது வாரக்கணக்கில் ஓடும்.

டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறை மத்திய அலையின் தூரத்தையும் பண்பலைக்கு நெருங்கிய தெளிவையும் சேர்த்துத் தர வல்லது. ஆகாசவாணி 30-க்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை இதற்கு ஏற்றபடி அமைத்தது. முட்டுக்கட்டை பெட்டிதான். சில கார்களில் இந்த வசதி உள்ளடங்கி வருகிறது. கடையில் ஓர் உழவரோ மீனவரோ எளிதாக வாங்கும் விலையில் டி.ஆர்.எம். பெட்டி பரவவில்லை. ஒலிபரப்பு முன்னே ஓடி, பெட்டி பின்தங்கிவிட்டது.

ஒரு நிலையம் மாறும்போது கேட்க வேண்டியவை

மின்கட்டணத்தைக் காட்டி மூடுவது நிர்வாகத்தின் உரிமை. அதற்கு முன் மக்களிடம் சில தகவல்களை வைப்பது அதன் கடமை. உங்கள் பகுதி நிலையத்தைப் பற்றி இப்படியொரு அறிவிப்பு வந்தால் கேட்க வேண்டியவை இவை.

1. நிற்கப்போகும் மத்திய அலைக்கும் வரப்போகும் பண்பலைக்கும் எட்டும் பகுதிகளின் வரைபடம், பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளியிடப்பட்டிருக்கிறதா? வட்டத்துக்கு வெளியே போகும் ஒன்றியங்கள் எவை?

2. கடலில் எவ்வளவு தூரம்வரை புதிய ஒலிபரப்பு கேட்கும்? 48 கிலோமீட்டருக்கு அப்பால் மீன்பிடிப்பவருக்கு வானிலை எச்சரிக்கை எந்த வழியாகப் போகும்?

3. வரப்போகும் பண்பலை அதே நிலையத்தின் நிகழ்ச்சிகளை முழுமையாகத் தருமா, அல்லது வேறொரு நகரத்தின் பாடல்களை அஞ்சல் செய்யும் வெறும் கோபுரமா? பண்ணை ஒலிபரப்பு எந்த நேரத்தில் வரும்? தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை; ஆகாசவாணியின் செய்தியை மட்டுமே அப்படியே எடுத்துத் தரலாம். ஆகவே ஆகாசவாணி எட்டாத ஊரில் வானொலிச் செய்தி எப்படிக் கிடைக்கும்?

4. முழுவதும் மூடுவதற்குப் பதிலாக, காலையும் மாலையும் சில மணி நேரம் மட்டும் இயக்கி, புயல் நாட்களில் முழுநேரமும் இயக்கும் நிலையில் ஒன்றிரண்டு பெரிய ஒலிபரப்பிகளையாவது வைத்துக்கொள்ள முடியாதா? 16 மணி நேரம் 6 மணி நேரமானால் 200 கிலோவாட் நிலையத்தின் 3200 யூனிட் 1200 ஆகிறது.

5. கோபுரம் நின்ற நிலம் என்ன ஆகப்போகிறது? புதைத்த செம்பைத் தோண்டி எடுத்து, நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், பிறகு டிஜிட்டல் பெட்டி மலிவாக வந்தாலும் மத்திய அலைக்குத் திரும்ப இடம் இருக்காது.

இவற்றில் முதல் கேள்விக்கான தகவல் ஒலிபரப்புப் பொறியாளர்களிடம் ஏற்கெனவே இருக்கும். அந்தக் கணக்கைப் போடாமல் எந்தக் கோபுரமும் கட்டப்படுவதில்லை. தமிழில், மாவட்ட வாரியாக, மூடும் தேதிக்கு ஆறு மாதம் முன்பாக அதை வெளியிடக் கோரி அந்தந்த நிலையத்துக்கும் ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதிக்கும் நேயர்கள் எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.